யூதச் சிறுவன் ஒருவனின் கதையைக் குழந்தைகளோடு வாசிப்பது எப்படி

பெரம்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடியில், சனிக்கிழமை மாலைகளில், அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு புத்தகம் வாசித்து வருகிறேன். ஊரி ஓர்லெவ் எழுதிய ‘ரன், பாய், ரன்’ என்ற நாவலை இதுவரை இரண்டு குழுக்களோடு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து முடித்திருக்கிறேன். முதல் முறை செய்த தவறுகள் பலவற்றை இரண்டாம் முறை திருத்திக்கொண்டேன். இதே நாவலையோ இதைப் போன்ற ஒன்றையோ தங்கள் குழந்தைகளோடு படிக்க நினைக்கும் பெற்றோருக்கும், வாசிப்பு வட்டம் நடத்துவோருக்கும் பயன்படட்டும் என்று இந்த வழிமுறைகளை எழுதுகிறேன்.

நாவலைப் பற்றி முதலில் சில செய்திகள். எபிரேய மொழியில் 2001ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூல் 2003இல் ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து தப்பிய ஸ்ருலிக் என்ற எட்டு வயதுச் சிறுவன், காடுகளிலும் பண்ணைகளிலும் தனியாக அலைந்து உயிர் பிழைத்த கதை இது. உண்மையில் வாழ்ந்த ஒருவரின் சிறுவயது அனுபவமே இதற்கு அடிப்படை. ஓர்லெவும் 1931இல் வார்சாவில் பிறந்து, அதே கெட்டோவில் சிறுவனாக வாழ்ந்து, தம்பியோடு பெர்கன்-பெல்சன் முகாமுக்கு அனுப்பப்பட்டு மீண்டவர். சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1996இல் பெற்றார். தெரிந்தவர் எழுதியது என்பதை வரிக்கு வரி உணரலாம். பயமுறுத்துவதற்காக அவர் எதையும் கூட்டிச் சொல்வதில்லை, குழந்தைகள் படிக்கிறார்கள் என்பதற்காக எதையும் மறைப்பதுமில்லை.

பதினொரு வயதுக்குக் கீழே இந்நூல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொடங்கும் முன் நீங்கள் முழுவதையும் ஒருமுறை தனியாகப் படித்துவிடுங்கள், ஏனென்றால் குழந்தைகள் முன்னிலையில் ஒரு பக்கத்தை முதல்முறையாகச் சந்திக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. கதையின் நடுவில், பண்ணை இயந்திரம் ஒன்றில் சிறுவனின் கை சிக்கிக்கொள்கிறது. அவன் யூதன் என்று அறிந்ததும் மருத்துவர் ஒருவர் அறுவைச் சிகிச்சை செய்ய மறுத்துவிடுகிறார், அதனால் அவன் கையையே இழக்க நேர்கிறது. இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் படிப்பதற்கு முன்பே, “இன்றைக்கு அவனுக்குக் கையில் பெரிய காயம் ஏற்படப் போகிறது, அவன் பிழைத்துக்கொள்வான்” என்று சொல்லிவிடுங்கள். முடிவை முன்கூட்டிச் சொல்வதால் கதையின் சுவை குறைந்துவிடும் என்று முதலில் நான் அஞ்சினேன். குறையவில்லை. அச்சத்தால் காதைப் பொத்திக்கொள்ளாமல் கேட்டதால்தான் அந்த மருத்துவர் செய்தது என்ன என்பதைக் குழந்தைகளால் யோசிக்க முடிந்தது. இத்தகைய பகுதிகளை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், அமர்வின் கடைசிப் பகுதியாக ஒருபோதும் வைக்கக்கூடாது. ஒன்றரை மணி நேர அமர்வில் வாசிப்புக்கு நாற்பது நிமிடம் போதும். மீதி நேரம் பேச்சுக்கும், சுண்டலுக்கும், எதுவும் பேசாமல் மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க விரும்பும் குழந்தைக்கும் தேவைப்படும். பெற்றோருக்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் கதைச் சுருக்கத்தை அனுப்பிவிடுவதும் நல்லது, ஏனென்றால் இரவில் கேள்வி வருவது அவர்களிடம்தான்.

எங்கள் குழந்தைகளில் பாதிப் பேர் ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறித்தான் படிப்பார்கள். ஆகவே ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படித்துவிட்டு அதையே தமிழில் சொல்லுவேன். அப்படிச் சொல்லும்போதுதான் சொற்களின் சிக்கல் தெரிந்தது. அதில் நிறையக் கற்றுக்கொண்டதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

‘கெட்டோ’ என்ற சொல்லைச் ‘சேரி’ என்று பெயர்க்காதீர்கள். அகராதிகளும் சில மொழிபெயர்ப்புகளும் அப்படிச் செய்கின்றன. சேரி என்ற சொல்லுக்கு நம் ஊரில் சாதியோடு பிணைந்த தனி வரலாறு உண்டு, அதன் துயரமும் அவமானமும் வேறு. குழந்தைகளில் யாரேனும் அந்தச் சொல்லால் பள்ளியில் காயப்பட்டவராகவும் இருக்கலாம். கெட்டோ என்றே வைத்துக்கொண்டு, “மதில் எழுப்பி, காவல் வைத்து, ஓர் இனத்தாரை மட்டும் அடைத்த நகரப் பகுதி” என்று ஒருமுறை விளக்கினால் போதும், அடுத்த வாரமே அவர்கள் அதைச் சரளமாகச் சொல்வார்கள். ‘ஹோலோகாஸ்ட்’ என்ற கிரேக்க வேர்ச்சொல்லுக்கு ‘முழுவதும் எரிக்கப்பட்ட பலி’ என்று பொருள். மனிதரைக் கொன்றதைக் கடவுளுக்கு இட்ட பலி என்று சொல்வது பொருந்தாது என்பதால் யூதர்கள் பலர் ‘ஷோவா’, அதாவது பேரழிவு, என்ற எபிரேயச் சொல்லையே விரும்புகிறார்கள். தமிழில் ‘யூத இன அழிப்பு’ என்று சொல்லிவிடலாம், அது தெளிவாகவே இருக்கிறது.

‘முகாம்’ என்ற சொல்தான் என்னைத் திகைக்கவைத்தது. எங்கள் குழந்தைகளுக்கு முகாம் என்றால் என்.சி.சி. முகாம், கண் மருத்துவ முகாம். ட்ரெப்ளிங்கா முகாமைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியபோது, பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, “ஆன்ட்டி, எங்க பாட்டி இருந்த முகாம் மாதிரியா?” என்று கேட்டாள். அவளுடைய பாட்டி 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்து மண்டபம் அகதிகள் முகாமில் பல மாதங்கள் இருந்தவர். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து மூன்று சொற்களைத் தனித்தனியாகப் பயன்படுத்துகிறேன்: உயிர் தப்பி வந்தவர்கள் தங்குவது அகதிகள் முகாம். சிறைப்படுத்தி, பட்டினி போட்டு, வேலை வாங்கி வதைப்பது வதைமுகாம். வந்திறங்கியவர்களைப் பெரும்பாலும் அன்றே கொல்வதற்கென்றே கட்டப்பட்டது கொலைமுகாம், ட்ரெப்ளிங்கா அந்த வகை. அந்தப் பெண்ணின் கேள்வியை நான் ஒதுக்கிவிடவில்லை. பாட்டியின் முகாம் எப்படி இருந்தது என்று அவளையே கேட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் அவள் சொன்னதை எல்லோரும் கேட்டோம், பிறகு மீண்டும் ஸ்ருலிக்கிடம் வந்தோம். ஈழத்துக் கதையையும் போலந்துக் கதையையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்க்கும் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒன்றைப் பேசும்போது மற்றொன்று குழந்தையின் நினைவுக்கு வருவது இயல்பு. அதைப் பேசிமுடித்த பின்னரே கதையைத் தொடருங்கள்.

சென்னையில் இந்நாவலைப் படிப்பவர்கள் கட்டாயம் சந்திக்க வேண்டிய கேள்வி ஸ்வஸ்திகாவைப் பற்றியது. புரசைவாக்கத்துச் சமணக் கோயிலிலும், நகைக்கடைக் கல்லாப்பெட்டியிலும், புதுக்கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் மங்கலமாக வரையப்படும் அதே சின்னத்தை நாஜி வீரனின் கைப்பட்டையில் பார்க்கும் குழந்தை குழம்பிப்போகும். எங்கள் குழுவில் சமணக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தன் வீட்டு வாசலை நினைத்துக் கலங்கிப்போனான். இதைக் குழந்தை கேட்கும்வரை காத்திராமல் முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். பல ஆயிரம் ஆண்டுகளாகப் பல நாடுகளில் நன்மையின் குறியாக இருந்த சின்னத்தை 1920இல் நாஜிக் கட்சி தன் கொடிக்கு எடுத்துக்கொண்டது, 1935இல் அதுவே ஜெர்மனியின் தேசியக் கொடியானது. ஜெர்மானியர் அதைக் ‘கொக்கிச் சிலுவை’ என்ற பொருளுடைய பெயரால் அழைத்தார்கள். “உன் வாசலில் இருப்பதில் எந்தத் தவறும் இல்லை, ஆனால் ஐரோப்பாவில் ஒரு யூதப் பாட்டி அதைப் பார்த்தால் ஏன் நடுங்குவார் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்” என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதேபோல் ஹிட்லர் என்ற பெயர். கண்டிப்பான தலைமையாசிரியரையும், வீட்டில் அதட்டும் தாத்தாவையும் நாம் விளையாட்டாக ஹிட்லர் என்று சொல்லிப் பழகிவிட்டோம், நடைபாதைப் புத்தகக் கடைகளில் அவன் எழுதிய நூல் தன்னம்பிக்கை நூல்களோடு அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. ஒழுங்குக்கும் துணிச்சலுக்கும் அடையாளமாக அவனை நினைக்கும் குழந்தைகள் நம்மிடையே உண்டு. சற்றுப் பெரிய குழந்தைகள், “நேதாஜி அவரைப் பார்த்தாரே?” என்றும் கேட்பார்கள். சுபாஷ் சந்திர போஸ் 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தது உண்மை, ஆங்கிலேயரை விரட்ட உதவி தேடிச் சென்றார். அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதே ஆண்டு ஜூலையில் வார்சா கெட்டோவிலிருந்து யூதர்களை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பத் தொடங்கினார்கள் என்பதையும் உடனே சொல்லுங்கள். குழந்தைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம், அந்தப் பெயரை நாமே அவர்களுக்கு அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

‘யூதர் என்றால் யார்?’ என்ற கேள்விக்கு நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஜார்ஜ் டவுனில் இருக்கும் பவழக்காரத் தெரு, பதினேழாம் நூற்றாண்டில் பவழமும் வைரமும் வணிகம் செய்த யூதர்களோடு தொடர்புடையது. கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட யூத ஆலயத்தை விடுமுறையில் பார்த்துவந்த குழந்தை ஒன்றாவது உங்கள் குழுவில் இருக்கும். கிறிஸ்தவக் குழந்தைகளுக்கு யூதர் என்ற சொல் வேதாகமத்தின் வழியாகத் தெரியும், ஆனால் ‘இயேசுவைக் கொன்றவர்கள்’ என்ற பழியோடு சேர்த்தே தெரிந்திருக்கக்கூடும். அந்தப் பழி எத்தனை நூற்றாண்டுகள் யூதர்மேல் வன்முறையைத் தூண்டியது என்பதையும், கத்தோலிக்கத் திருச்சபையே 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அதை மறுத்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். இயேசுவும் மரியாளும் யூதர்களே என்று நினைவூட்டியபோது, ஒவ்வொரு ஞாயிறும் பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்துக்குச் செல்லும் ஒரு சிறுமி வெகுநேரம் யோசனையில் இருந்தாள்.

இட அளவைக் காட்டுவதற்குக் கைப்பேசியின் வரைபடம் போதும். வார்சா கெட்டோவின் பரப்பு ஏறத்தாழ 3.4 சதுர கிலோமீட்டர், அதாவது பக்கத்துக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு சதுரம். குழந்தைகள் தங்கள் வீட்டை நடுவில் வைத்து அப்படி ஒரு சதுரத்தை வரையட்டும். அதற்குள் தங்கள் பள்ளி வருகிறதா, ரயில் நிலையம் வருகிறதா, நண்பன் வீடு மதிலுக்கு அப்பால் போய்விடுகிறதா என்று அவர்களே பார்ப்பார்கள். 1940 நவம்பரில் அந்தச் சதுரத்தை மூன்று மீட்டர் உயர மதிலால் மூடி, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அடைத்தார்கள். ஓர் அறைக்குச் சராசரியாக ஏழு பேருக்கு மேல் இருந்தார்கள். 1941இல் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட உணவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கலோரி, மூன்று நான்கு இட்லிக்குமேல் வராது. மதிலின் பொந்துகள் வழியே வெளியே நழுவி உருளைக்கிழங்கும் ரொட்டியும் கடத்திவந்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்களில் பலர் இந்தக் குழந்தைகளின் வயதுக்காரர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் குழுவில், ஒரு நாள் உணவு எவ்வளவு குறைவு என்று உணரட்டும் என்று எண்ணி, ரொட்டித் துண்டுகளை அளந்து கொடுத்து வரிசையில் நிற்கவைத்தேன். ஐந்து நிமிடத்தில் அது விளையாட்டாகிவிட்டது, ஒருவன் காவலனாக மிடுக்கு காட்டினான், மற்றவர்கள் சிரித்தார்கள். பிழை என்னுடையது, அவர்களுடையது அன்று. மாலையில் வீட்டுக்குப் போனால் சாப்பாடு காத்திருக்கும் குழந்தைக்கு அந்தப் பசியை நடித்துக் காட்டிப் புரியவைக்க முடியாது. நாஜியாகவும் யூதனாகவும் நடிக்கச் செய்வதை அறவே தவிர்த்துவிடுங்கள். நாவலின் பக்கத்தைச் சத்தமாக, நிதானமாகப் படிப்பதே போதுமான அனுபவம்.

படிக்கும்போது எங்கே நிற்பது? என் பதில், பெயர் மாறும் இடங்களில். தப்பிய சிறுவன் போலந்துக் கத்தோலிக்கப் பையனாக நடிக்க வேண்டும், அதற்கு யூரெக் என்று பெயர் வைத்துக்கொள்கிறான். ஸ்ருலிக் என்பது யிஸ்ராயேல் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். யூரெக், ஜார்ஜ் என்பதன் போலந்து வடிவத்துக்குச் செல்லச் சுருக்கம். நம் கோட்டைக்குப் பெயர் தந்த அதே ஜார்ஜ்தான். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று வாழும் நம் குழந்தைகளுக்குச் செல்லப்பெயர் என்றால் என்னவென்று விளக்கவே வேண்டாம். “வீட்டில் உன்னைக் கூப்பிடும் பெயரைக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள்?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பெயரைச் சொல்ல இனி யாருமே இல்லை என்றால் என்ன ஆகும் என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிடுங்கள். வயல்வெளியில் தந்தையும் மகனும் சந்திக்கும் பகுதி இந்நூலின் உயிர்நிலை. பெயரை மறந்துவிடு, எங்களையும் மறந்துவிடு, ஆனால் யூதன் என்பதை மட்டும் மறக்காதே என்ற கருத்தில் மகனிடம் பேசும் தந்தை, பிறகு துரத்துபவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். இந்தப் பகுதிக்குப் பின் நான் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை, சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். கதை போகப்போக அந்தச் சிறுவன் உண்மையாகவே மறந்துபோகிறான், தாயின் முகமும் அவனுக்கு மங்கிவிடுகிறது. உயிர் பிழைக்க அவன் கொடுத்த விலை இது என்பதைக் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள், அவசரப்பட்டு நாம் சொல்லக்கூடாது.

ஒரு கிராமத்துப் பெண் அவனுக்குச் சிலுவை அடையாளம் போடவும் மந்திரங்கள் சொல்லவும் கற்றுத்தருகிறாள். இந்த இடத்தில் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, “அவன் உன் வீட்டுக் கதவைத் தட்டினால் நீ திறப்பாயா?” என்பது. அதைக் கேட்காதீர்கள், எல்லாக் குழந்தைகளும் ‘திறப்பேன்’ என்றே சொல்லும், அதோடு யோசனை நின்றுவிடும். “அவள் கதவைத் திறந்தபோது அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் யூதருக்கு இடம் கொடுத்தவர்களுக்கு மரண தண்டனை, பல இடங்களில் குடும்பத்தோடு கொன்றார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, திறந்தவளின் துணிவும், அஞ்சி மூடியவளின் நிலையும், பரிசுக்காகக் காட்டிக்கொடுத்தவனின் செயலும் மூன்றும் வெவ்வேறு என்று குழந்தைகள் பிரித்துப் பார்ப்பார்கள். எங்கள் குழுவில் அந்த விவாதம் இருட்டும்வரை நீண்டது.

1942ஆம் ஆண்டை நம் ஊரோடு இணைத்துக் காட்டவும் வழி உண்டு. அவ்வாண்டு ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபின், மதராஸ் மக்கள் பெருந்திரளாக வீடுகளைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊர்களுக்குப் போனார்கள். கொள்ளுப்பாட்டிகள் சொல்லி வீட்டில் வழங்கும் கதைகளைக் குழந்தைகள் கேட்டுவரட்டும். ஆனால் வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள்: மதராஸிலிருந்து போனவர்களின் இடுப்பில் வீட்டுச் சாவி இருந்தது, அவர்கள் திரும்பி வந்து திறந்தார்கள். பிறப்பைக் காரணம் காட்டி அவர்களை யாரும் வேட்டையாடவில்லை.

இனி, இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. உயிர் பிழைத்தவனின் கதையைப் படிக்கும் குழந்தை, கெட்டிக்காரத்தனம் இருந்தால் பிழைத்துவிடலாம் என்று எண்ணிக்கொள்ளும். முதல் குழுவில் ஒரு சிறுவன், “மத்தவங்களும் இவன மாதிரி ஓடியிருக்கலாமே?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இறந்தவர்கள்மேல் ஒரு குறை தொக்கி நிற்கிறது, அதை அப்படியே விட்டுவிடக்கூடாது. போருக்கு முன் போலந்தில் ஏறத்தாழ 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள், அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், பத்துக்கு ஒன்பது பேர். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள். அவர்களிலும் ஸ்ருலிக் அளவுக்குச் சூட்டிகையான, அவனைவிட வேகமாக ஓடக்கூடிய குழந்தைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

எண்ணைச் சொன்னால் அது எண்ணாகவே நின்றுவிடும் என்பதால், இந்த இடத்தில் யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றிச் சொல்வேன். குழந்தை மருத்துவரும் எழுத்தாளருமான அவர் வார்சா கெட்டோவில் அநாதை இல்லம் நடத்தினார். 1942 ஜூலை 18 அன்று அந்த இல்லத்துக் குழந்தைகள் நடித்த நாடகம் நம் ரவீந்திரநாத் தாகூரின் ‘டாக் கர்’, தபால் நிலையம். நோயால் அறையில் அடைபட்டு, சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு, அரசரின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் அமல் என்ற சிறுவனின் கதை அது. நான்கு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ட்ரெப்ளிங்காவுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின. வார்சாவிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ நாம் காஞ்சிபுரம் போகும் தூரம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் சுமார் 200 குழந்தைகளோடு கோர்ச்சாக்கும் சென்றார். தப்பிச்செல்ல வழி கிடைத்தும் அவர்களை விட்டுப் போக மறுத்தவர் அவர். இதைச் சொல்லிவிட்டு, தாகூரின் நாடகத்திலிருந்து அமலும் தயிர்க்காரரும் பேசும் காட்சியை இரண்டு குழந்தைகளைக்கொண்டு படிக்கவைப்பேன். ‘ஏன் ஓடவில்லை?’ என்ற கேள்வி அதன்பின் எங்கள் மாடியில் எழுந்ததில்லை.

இன்றைய செய்தியும் கேள்வியாக வரும். “அப்போ காஸா?” என்று ஒரு குழந்தை கேட்டால் வாயை அடைக்காதீர்கள். 1942இல் காட்டில் ஒளிந்திருந்த சிறுவன் இன்றைய எந்த அரசுக்கும் பொறுப்பாளி அல்லன், இன்று குண்டுக்கு இரையாகும் எந்தக் குழந்தையின் துயரமும் அவன் பட்ட துயரத்தால் குறைந்துவிடாது. இரண்டையும் நான் இதே சொற்களில் சொல்லிவிட்டு, விரிவாகப் பேச வேறொரு நாளைக் குறித்துக்கொள்வேன், குறித்த நாளில் தவறாமல் பேசவும் வேண்டும்.

நாவல் முடிந்ததும் தேர்வு, கட்டுரைப் போட்டி என்று எதையும் வைக்க வேண்டாம். எங்கள் குழந்தைகளுக்குப் பிடித்தது இம்மானுவேல் ரிங்கல்ப்ளூமின் கதை. அவரும் நண்பர்களும் கெட்டோ வாழ்க்கையின் சான்றுகளை, நாட்குறிப்பு முதல் மிட்டாய் உறைவரை, சேகரித்துத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் இட்டுப் புதைத்துவைத்தார்கள். பெட்டிகள் 1946இலும் கேன்கள் 1950இலும் தோண்டியெடுக்கப்பட்டன. “பால் கேனா? நம்ம தெருவுக்கு வருமே, அந்த மாதிரியா?” என்று கேட்டார்கள். அந்த மாதிரிதான், உலோக கேன்.

அடுத்த சனிக்கிழமை புதிய புத்தகம் எதையும் தொடங்காதீர்கள், வெறுமனே கூடுங்கள். இரண்டாம் குழுவோடு அப்படிக் கூடியபோது, மண்டபம் முகாமில் இருந்த அந்தப் பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போட்டோம். நாவலின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லும்படி பேத்தியிடம் கேட்டார், அவள் சொல்லத் தொடங்கினாள்.